குள்ளம் குலத்தால் வந்ததன்று

பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டத்தின்போது மாணவரை உயர வரிசைப்படி நிறுத்துவது பழைய வழக்கம். குட்டையானவர் முன்னும் நெட்டையானவர் பின்னுமாக நிற்பர். ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் நெடுங்காலமாக அவ்வரிசையின் எதிரே நின்று வருபவன் நான். முன்வரிசையில் நிற்பவர் பெரும்பாலும் யார் வீட்டுப் பிள்ளைகள் என்ற வினா பல ஆண்டுகள் என் உள்ளத்தில் எழவேயில்லை.

ஒருநாள் எழுந்தது. ஐந்தாம் வகுப்பில் படித்த ஒரு மாணவன் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் உயரமே இருந்தான். ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து வருபவன். நம் சமூகத்துப் பிள்ளை. கணக்கில் பிழை செய்தான் என்பதற்காக அவனை நான் கடிந்துகொண்டேன். அருகிலிருந்த ஆசிரியர் ஒருவர், "அவர்கள் பரம்பரையே அப்படித்தான் சார். உடம்பும் வளராது, மூளையும் வளராது" என்றார். நான் மறுமொழி கூறவில்லை. அதே சமூகத்தில் பிறந்து, அதே பசியை அறிந்து வளர்ந்த நானே வாய் மூடி இருந்தேன். அந்த மௌனம் இன்றும் என்னைச் சுடுகிறது.

அன்று சொல்லியிருக்க வேண்டிய மறுமொழியைத்தான் நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் இன்று எழுதுகிறேன். இளைஞர்கள் இதனைப் படித்து, அதே சொல்லை எவர் சொல்லக் கேட்டாலும் உரிய மறுமொழி கூற வேண்டும் என்பதே என் விருப்பம்.

பஞ்சமும் கால்வாயும்

நாம் வாழும் அடையாறு பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரமன்று. செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர்ப் பகுதி. இங்கு நிலம் உழுதவர் நம் முன்னோர். நிலம் அவர்களுக்கு உரியதாக இல்லை.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய், அப்பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டதே. அன்றைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் எனப்பட்டது. வெட்டிய கைகளின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. இன்று நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து செல்லும் அக்கால்வாய், பசித்தவர்கள் பசி தீர வெட்டியது என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

1877இல் இந்திய அரசின் சார்பில் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் அதனுடன் சிறு காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் அதனை வன்மையாக எதிர்த்தார். நாள் முழுதும் மண் சுமக்கும் உடல் அவ்வளவில் உயிர் தாங்காது என்பது அவர் வாதம். ஓர் உடலுக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்ற கேள்வி, நம் மண்ணில் ஆட்சியாளர்களிடையே வெளிப்படையாக வாதிடப்பட்ட காலம் அது.

பஞ்சம் நீங்கியது, பட்டினி நீங்கவில்லை. 1891ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரமன்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்க்கை நிலையை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை எழுதினார். நிலமின்மையும் அடிமைக் கடனும் கல்லாமையுமே அவர்தம் தாழ்வுக்குக் காரணம் என்று அவ்வறிக்கை காட்டியது. அதன் விளைவாக 1892இல் பிறந்ததே பஞ்சமி நில ஆணை. நிலமிருந்தால் தானியமிருக்கும், தானியமிருந்தால் பிள்ளை வளரும். அந்நிலம் பின்னர் எவர் கைக்குச் சென்றது என்பது தனியே எழுதத்தக்க துயரக் கதை.

பள்ளிக்கூடமும் பசியும்

1894இல் கர்னல் ஆல்காட், அடையாற்றில் ஊரூரை அடுத்து, அன்று பஞ்சமர் எனப்பட்ட நம் மக்களின் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளியொன்றைத் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் அவரோடு தொடர்பு கொண்டிருந்த காலம் அதற்குச் சில ஆண்டுகள் பிற்பட்டது. ஆல்காட்டின் பள்ளிகள் தேனாம்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய இடங்களிலும் எழுந்தன. ஊரூர் ஆல்காட் குப்பம் என்னும் பெயர் இன்றும் அவ்வரலாற்றைத் தாங்கி நிற்கிறது.

பள்ளியைத் திறந்துவிட்டால் பிள்ளைகள் வந்துவிடுவர் என்பது எளிய நம்பிக்கை. பசித்த பிள்ளை பள்ளிக்கு வருவதில்லை, வந்தாலும் நிலைப்பதில்லை. இவ்வுண்மையை ஏற்றுச் செயலில் இறங்கியது சென்னை மாநகராட்சி. 1920 செப்டம்பரில், சர் பிட்டி தியாகராயர் தலைமையில் கூடிய மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்கிலிருந்த மாநகராட்சிப் பள்ளியின் மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. பின்னர் வேறு நான்கு பள்ளிகளுக்கும் அது விரிந்தது. 1922-23இல் 811ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1,671 ஆயிற்று. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிட அரசு இசையாமையால் 1925இல் திட்டம் நின்றது. வேண்டுகோள்கள் எழவே 1927இல் மீண்டும் தொடங்கியது. ஓரணாச் சிற்றுண்டி ஒரு பள்ளியை நிரப்பியது. அது நின்றபோது மக்கள் கேட்டுப் பெற்றனர். நலத்திட்டம் எதுவும் தானே வந்ததன்று, தானே நிலைத்ததும் அன்று என்பது இதனால் விளங்கும்.

குன்னூர் தந்த சான்று

"பரம்பரையே அப்படி" என்ற பேச்சுக்கு அறிவியல் தந்த முதற் சான்றுகளுள் ஒன்று நம் நீலகிரியிலேயே கிடைத்தது. குன்னூரில் சர் இராபர்ட் மெக்காரிசன் 1918இல் தொடங்கிய ஆய்வு, பின்னர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

மெக்காரிசன் 1920களில் ஓர் எளிய சோதனை செய்தார். ஒரே இனத்து எலிகளைப் பல கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்திற்கும் இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்கள் உண்ணும் உணவைக் கொடுத்தார். கோதுமை, பருப்பு, பால், நெய், காய்கறி என்னும் பஞ்சாபின் உணவை உண்ட எலிகள் கொழுத்து வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண ஏழையின் உணவை உண்டவை மெலிந்து குறுகின. எலிகளின் பரம்பரை ஒன்றே, தட்டுதான் வேறு.

அவருக்குப் பின் அக்கூடத்தை நடத்திய டாக்டர் அய்க்ராய்டு இன்னும் ஒரு படி சென்றார். 1930களில் தென்னாட்டு விடுதிப் பிள்ளைகளின் வழக்கமான உணவுடன் கொழுப்பு நீக்கிய பால்தூளைச் சிறிதளவு நாள்தோறும் சேர்த்துக் கொடுத்தபோது, அவர்கள் மற்ற பிள்ளைகளைவிட உயரத்திலும் எடையிலும் மிகுதியாக வளர்ந்தனர்.

இதன் முடிவான விடை 2006இல் வந்தது. உலகச் சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பாலும் நல்லுணவும் தூய்மையான சூழலும் பெற்ற குழந்தைகளை அளந்தது. பள்ளி செல்லும் வயதுக்கு முந்திய பருவத்தில் அவர்களின் உயர வளர்ச்சி ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. கருப்பர் வெள்ளையர் என்ற வேறுபாடு அங்கே இல்லை. அவ்வளவைக் கொண்டே இன்று குழந்தைகளை அளக்கின்றனர். இரண்டு வயது நிறைந்த ஆண் குழந்தை சுமார் 82 சென்டிமீட்டருக்கும், பெண் குழந்தை 80 சென்டிமீட்டருக்கும் குறைந்திருப்பின், அக்குழந்தை வளர்ச்சி குன்றியது எனக் கொள்வர்.

ஒரு தனி மனிதர் உயரம் குறைந்திருப்பதில் இழிவு ஏதுமில்லை. ஆனால் ஒரு தெருவின் குழந்தைகளில் பலர் குன்றியிருப்பின், அத்தெருவுக்கு ஏதோ ஒன்று மறுக்கப்பட்டிருக்கிறது என்பது பொருள்.

சோறு வந்தது, எந்த வயதில்?

விடுதலைக்குப் பின் நம் மாநிலம் செய்ததை நன்றியுடன் குறிப்பிடல் வேண்டும். 1956இல் முதலமைச்சர் காமராசர், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஆகியோரின் முயற்சியால் பகல் உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவியது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் சூலையில் ஊர்ப்புறங்களிலும் செப்டம்பரில் நகரங்களிலும் தொடங்கியது. 1989இல் கலைஞர் ஆட்சியில் சத்துணவில் முட்டை இடம்பெற்றது. 2011 முதல் குடும்ப அட்டைக்கு அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023இல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அதன்பின் வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளைகளைக் காண்பது அரிதாயிற்று என்பதை அனுபவத்தால் கூறுவேன்.

இவ்வளவு இருந்தும் முன்வரிசைப் பிள்ளைகள் ஏன் முன்வரிசையிலேயே நிற்கின்றனர்? பள்ளிச் சோறு ஐந்து வயதில் வருகிறது. குழந்தை குன்றுவதோ இரண்டு வயதுக்குள். இதுவே விடை.

தாய் கருவுற்ற நாள் முதல் குழந்தையின் இரண்டாம் பிறந்த நாள் வரை ஏறத்தாழ ஆயிரம் நாள்கள். பிறக்கும்போது சுமார் 50 சென்டிமீட்டர் இருக்கும் குழந்தை, ஓராண்டில் 75 சென்டிமீட்டர் ஆகிறது. அதுபோன்ற வேகம் வாழ்நாளில் மீண்டும் வருவதில்லை. மூளையும் அக்காலத்திலேதான் பெரிதும் உருவாகிறது. அப்போது தவறியதைப் பின்னர் முழுதும் ஈடுசெய்தல் அரிது. தமிழ்நாட்டில் 1970களின் தொடக்கத்தில் நடந்த ஊட்டச்சத்து ஆய்வும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளே மிகுதியாக வாடுகின்றனர் என்று காட்டியது. அதன் வழியே 1980இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, தளர்ந்தவர்க்கு உணவளித்துத் தாய்மாருக்கு விளக்கம் கூறியது. நற்பயன் தந்த அத்திட்டம் ஊர்ப்புறத்துக்கே உரியதாக அமைந்தது; நகரத்துச் சேரிக் குழந்தை அதற்கு வெளியே நின்றது.

மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டில் 1969 முதல் 1977 வரை நடந்த ஓர் ஆய்வை இளைஞர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். சில சிற்றூர்களின் குழந்தைகளுக்குப் புரதம் மிகுந்த கஞ்சியும், வேறு சில சிற்றூர்களின் குழந்தைகளுக்குப் புரதமில்லாத இனிப்பு நீரும் கொடுத்தனர். பல ஆண்டுகளுக்குப் பின் தேடிச் சென்று பார்த்தபோது, மூன்று வயதுக்குள் கஞ்சி பெற்ற ஆண்கள் மற்றவரைக் காட்டிலும் மணிக்கு ஏறத்தாழ 46 விழுக்காடு மிகுதியாகக் கூலி ஈட்டினர். குழந்தைப் பருவத்துக் கஞ்சி, வளர்ந்த மனிதனின் கூலியாயிற்று. நம் சமூகத்தின் வறுமையும் குழந்தைகளின் வளர்ச்சியும் ஒன்றையொன்று பற்றிய சங்கிலி என்பது இதனால் தெளிவாகும்.

சவலை

மருத்துவ நூல்களில் குவாஷியார்க்கர் என்றொரு நோய் கூறப்படும். ஆப்பிரிக்காவின் தங்கக் கரையில் (இன்றைய கானாவில்) பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் 1930களில் இந்நோயை உலகுக்கு விளக்கினார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலிலிருந்து விலக்கப்படும் முன்குழந்தைக்கு வரும் நோய் என்பது அந்நாட்டு மொழியில் அப்பெயரின் பொருள். இதே பொருளில் நம் பாட்டிமார் வழங்கிய சொல் 'சவலை'. "பிள்ளை சவலை பாய்ந்துவிட்டது" என்று அவர்கள் சொன்னது அறியாமையன்று, நுட்பமான கண்டறிதல்.

சவலைக்கு வித்து தாயின் உடலிலேயே இடப்படுகிறது. இளமையில் மணம், அடுத்தடுத்துப் பேறு, இரத்தசோகை, பேறுகாலத்திற்கு முதல் நாள் வரை வேலை ஆகிய இவற்றால் குழந்தை எடை குறைந்தே பிறக்கிறது. 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில், ஆலைத் தொழிலாளப் பெண்களுக்குப் பேறுகால உதவி அளிக்கும் மசோதாவை ஆதரித்து அண்ணல் அம்பேத்கர் வாதாடினார். 1929இல் அது சட்டமாயிற்று. தாய்க்கு ஓய்வு என்பது குழந்தைக்கு உணவு என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார். தமிழ்நாட்டில் 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, படிப்படியாக உயர்ந்து 18,000 ரூபாய் வரை வளர்ந்துள்ளது. இது சலுகையன்று, உரிமை.

நகரம் தரும் நோய்

நகரத்தில் கடைகள் நிறைந்திருக்கின்றன, மருத்துவமனைகள் அருகிலுள்ளன. எனினும் நகரத்துச் சேரிக் குழந்தை வாடுவதற்குத் தனிக் காரணங்கள் உள்ளன.

முதலாவது, தாயின் வேலை. பெசன்ட் நகரிலும் காந்தி நகரிலும் வீட்டு வேலை செய்யும் தாய் விடியுமுன் புறப்படுகிறாள். தாய்ப்பால் முறையாக நடைபெறுவதில்லை. கைக்குழந்தை மூத்த பெண்ணின் இடுப்புக்கு மாறுகிறது. தம்பியை ஏந்திக்கொண்டு பள்ளி வாயில் வரை வந்து திரும்பிச் சென்ற சிறுமிகளை நான் கண்டிருக்கிறேன். அங்கே குன்றுவது இரண்டு குழந்தைகள்: ஒன்று உடலால், மற்றொன்று கல்வியால்.

இரண்டாவது, உணவின் தன்மை. விலையில்லா அரிசி வயிற்றை நிரப்பும். ஆனால் பருப்பும் முட்டையும் கீரையும் பாலும் காசு கேட்கின்றன. தேநீரில் தோய்த்த பொறையும், ஐந்து ரூபாய்ப் பொட்டலங்களும் குழந்தையின் அழுகையை நிறுத்தும், வளர்ச்சியைத் தாரா. ஆறு மாதக் குழந்தையின் வயிறு மிகச் சிறியது. நீர்த்த கஞ்சியால் அது நிரம்பிவிடும், சத்து சேராது. கூலியில் ஒரு பகுதி மதுக்கடைக்குச் செல்லும் வீட்டில் முதலில் குறைவது குழந்தையின் முட்டைதான்.

மூன்றாவது, நீரும் அழுக்கும். கால்வாய்க் கரையிலும் ஆற்றங்கரையிலும் சாக்கடை நீர் வாயிலுக்கு வருகிறது. குடிநீரோ லாரியில் வருகிறது. குடத்தில் நாள் கணக்கில் தேங்கிய நீரால் வயிற்றுப்போக்கு அடிக்கடி வருகிறது. மலக்கிருமிகள் இடைவிடாது உட்செல்வதால் குடலின் உட்சுவர் தேய்ந்து, உண்ட உணவின் சத்தையும் உடல் ஏற்க இயலாமற் போகிறது. பொதுக் கிணறும் பொதுச் சாலையும் எல்லோர்க்கும் உரியன என்னும் அரசாணையை 1924இல் பெற இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் போராடினார். 1927இல் மகாத்தில் அம்பேத்கர் குளத்து நீரை அள்ளினார். அவர்கள் கேட்ட நீர் மானத்துக்கான நீர் மட்டுமன்று. பிள்ளைகளின் எலும்புக்கான நீருமாகும்.

நான்காவது, இடப்பெயர்வு. 2015 வெள்ளத்திற்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. கல் வீடு கிடைத்தது. ஆனால் தாயின் வேலை பழைய இடத்திலேயே இருந்தது. பேருந்தில் கழியும் நேரமெல்லாம் கைக்குழந்தையிடமிருந்து எடுக்கப்பட்ட நேரம். பழகிய அங்கன்வாடியும், கடன் தரும் கடையும், பார்த்துக்கொள்ளும் அண்டை வீட்டுப் பாட்டியும் உடன் வரவில்லை.

இன்றைய நிலை

2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வளர்ச்சி குன்றியவர். நாடு முழுதும் இது 35.5. நகரங்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் நாட்டளவில் நூற்றுக்கு 30 பேர். பட்டியல் சாதிக் குழந்தைகளில் நாட்டளவில் 39 பேர். பட்டியல் வகுப்பும் பிற்பட்ட வகுப்பும் சாராத பிரிவினரிடையே 30 பேர். இந்த இடைவெளி இரத்தத்தில் பிறந்ததன்று. நிலத்திலும் நீரிலும் கூலியிலும் தாயின் ஓய்விலும் பல தலைமுறையாக நமக்கு நேர்ந்த குறைகளின் கூட்டுத்தொகையே அது.

நாம் செய்ய வேண்டியது

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பாடப்புத்தகம் கொடுத்தது. மாலை வகுப்பு நடத்தியது. இனி நம் பணி பள்ளி வாயிலுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு தெருவிலும் இரண்டு இளைஞர்கள் அங்கன்வாடியைக் கவனிக்கட்டும். மாதந்தோறும் குழந்தைகளை எடை பார்க்கின்றனரா, உயரம் அளக்கின்றனரா, கருவுற்ற தாய்க்கும் குழந்தைக்கும் சத்துமாவு சேர்கிறதா என்று கேட்கட்டும். புதிய குடியிருப்பில் அங்கன்வாடி போதாதெனில் கூட்டாக மனுக்கொடுக்கட்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே; அதன்பின் தாய்ப்பாலுடன் குழைத்த பருப்புச் சோறு, முட்டை, கீரை என்பதை வீடுதோறும் சொல்லட்டும். பெண் பிள்ளையின் மணத்தைப் படிப்பு முடியும்வரை தள்ளிவைப்பதும் குழந்தை வளர்ச்சித் திட்டமே. தந்தையர்க்கு ஒரு சொல்: குழந்தைக்கு ஊட்டுவது பெண்ணின் வேலை மட்டுமன்று.

குன்றிய குழந்தைக்கு இனி வழியில்லை என்று எவரும் சோர்வடைய வேண்டா. அன்று நான் கடிந்துகொண்ட மாணவனை மறுநாள் அருகில் அமர்த்திக் கேட்டேன். முந்தைய நாள் மதியம் பள்ளியில் உண்டதற்குப் பின் அவன் எதுவும் உண்ணவில்லை. அன்று முதல் அவனுக்குக் கணக்கைத் தனியே கற்பித்தேன். அவ்வாண்டு இறுதியில் அவன் வகுப்பின் முதல் மாணவனாக வரவில்லை. ஆனால் தேர்ச்சி பெற்றான். அவன் மூளை வளராதது என்று கூறியவரிடம் விடைத்தாளைக் காட்டினேன். அவர் ஒன்றும் கூறவில்லை.

பொன்விழா மலரை எழுதப்போகும் தலைமையாசிரியர் நம்மிடையே இன்று மாணவராக இருக்கலாம். அவர் எதிரே நிற்கும் வரிசையில், ஆற்றங்கரைப் பிள்ளைகள் முன்னும் இடையும் பின்னுமாகக் கலந்து நிற்கக் காண்பாராக.